கிறித்தவமும் செல்வமும்

கிறித்தவமும் செல்வமும் என்பது பொருளுடைமை கிறித்தவ நம்பிக்கையுடன் ஒத்துப்போகுமா என்ற இறையியல் வினாவைக் குறிக்கும். இவ்வினாவுக்குத் திருச்சபை வரலாற்றில் ஒரே விடை இருந்ததில்லை. தமிழகத்தில், குறிப்பாகச் செஞ்சி நாட்டிலும் அதனை அடுத்த புதுச்சேரியிலும், 16 முதல் 18 ஆம் நூற்றாண்டு வரை இவ்வினா நடைமுறையில் எழுந்தது.

விவிலியமும் திருச்சபை மரபும்

தன் உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுக்குமாறு செல்வர் ஒருவரிடம் இயேசு கூறியதை மாற்கு நற்செய்தியின் 10 ஆம் அதிகாரம் குறிப்பிடுகின்றது. ஊசியின் காதும் ஒட்டகமும் பற்றிய உவமை இதனைத் தொடர்ந்தே வருகின்றது. மாறாக, சக்கேயு தன் உடைமையில் பாதியை மட்டுமே கொடுக்க முன்வந்தார். இயேசுவை அடக்கம் செய்த அரிமத்தியா யோசேப்பும் செல்வராவார்.

கி.பி. 200 அளவில் வாழ்ந்த அலெக்சாந்திரியா கிளமெண்ட், செல்வம் ஒரு கருவி என்றும் அதன்மீதுள்ள பற்றே தீது என்றும் விளக்கினார். 13 ஆம் நூற்றாண்டில் அசிசியின் பிரான்சிசு முழு வறுமையை மேற்கொண்டார். ஆயினும் கிறித்துவுக்கும் திருத்தூதருக்கும் எவ்வித உடைமையும் இல்லை என்ற கருத்தை, திருத்தந்தை 22 ஆம் யோவான் 1323 இல் தப்பறை என அறிவித்தார்.

செஞ்சி நாடு

1597 இல் இயேசு சபைத் துறவி நிக்கோலாவ் பிமெண்டா செஞ்சிக்கு வந்து, கிருஷ்ணப்ப நாயக்கரைச் சந்தித்தார். நாயக்கரின் செல்வச் சிறப்பைப் பிமெண்டாவின் கடிதங்கள் விவரிக்கின்றன. வெள்ளாற்றங்கரையில் தாம் அமைத்த கிருஷ்ணபட்டினத்தில் கோயில் கட்ட நாயக்கர் இசைவளித்தார்.

அருளானந்தர் எனப்படும் ஜான் டி பிரிட்டோ (1647–1693) லிசுபனில் உயர்குடியில் பிறந்து, போர்த்துகல் அரசவையில் வளர்ந்தவர். 1673 இல் இந்தியாவுக்கு வந்த அவர், அடுத்த ஆண்டு முதல் செஞ்சி நாட்டுப் பகுதியில் பணியாற்றினார். காவி உடுத்து, புலால் நீக்கி, பண்டாரசுவாமியாக வாழ்ந்தார். துறவியையே குருவாக ஏற்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தமையால், இத்தகைய வறுமை போதகர்களுக்கு மதிப்பைப் பெற்றுத் தந்தது. எனினும் இந்த வறுமை போதகருக்கு உரியதாகவே இருந்தது. மதம் மாறிய இல்லறத்தார் தம் உடைமையைத் துறக்க வேண்டும் என்று கோரப்படவில்லை.

புதுச்சேரி வணிகர்கள்

செல்வரான கிறித்தவருக்கு எடுத்துக்காட்டாக, பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாசி கனகராய முதலியாரைக் கூறலாம். இவர் 1745 இல் உழவர்கரையில் தம் செலவில் தேவாலயம் கட்டி, பல சாதியினருக்கும் விருந்தளித்தார். ஆளுநர் துய்ப்ளேயும் அதில் கலந்துகொண்டார். இச்செய்திகள் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் உள்ளன.

தேவாலயத்தில் பறையர் கிறித்தவரைப் பிரித்து வைத்திருந்த சுவர் அதே ஆண்டில் அகற்றப்பட்டதையும் அந்நாட்குறிப்பு தெரிவிக்கின்றது. அக்காலத்தில் துபாசி குடும்பத்துப் பெண் ஒருவர் மெல்லிய மசுலின் ஆடையும் நகைகளும் அணிந்து, நறுமணம் பூசி வழிபாட்டுக்கு வந்தார். பாதிரியார் அவரைக் கடிந்துகொண்டார். செல்வரின் பொருளால் கோயில் எழலாம். ஆனால் கோயிலுக்குள் செல்வத்தைக் காட்டுவது ஏற்கப்படவில்லை. 1746 இல் கனகராய முதலியார் இறந்தபின், அவரது சொத்து குடும்பத்தாரிடையே வழக்குக்கு உள்ளானது.

தற்கால வாதங்கள்

1968 இல் மெடலினில் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்கள் வறியோர் சார்பு நிலையை வலியுறுத்தினர். இது விடுதலை இறையியலின் வளர்ச்சிக்குத் துணைசெய்தது. இதற்கு எதிர்முனையில், செல்வத்தை இறை ஆசியின் அடையாளமாகக் கருதும் செழிப்பு நற்செய்தி உள்ளது. கிறித்தவருள்ளேயே இதனை மறுப்போர் பலர். நம்பிக்கையால் பொருள் பெருகும் எனில், வறுமையைக் குறைந்த நம்பிக்கையின் விளைவாகக் கொள்ள நேரும் என்பது அவர்களின் முதன்மையான மறுப்பாகும். அவ்வாறு கொண்டால், அரசவையைத் துறந்து வந்த அருளானந்தரின் வாழ்வுக்கும் பொருள் கூற இயலாது.

மேலும் காண்க

* செஞ்சிக் கோட்டை
* ஜான் டி பிரிட்டோ
* ஆனந்தரங்கப் பிள்ளை
* விடுதலை இறையியல்