பெட்டகமும் உறுதியும்

இலங்கையின் கிழக்கில் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கத்தில் பெட்டகம் பெண்வழிச் சொத்து. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்குச் சீதனம். வீட்டோடு பெட்டகமும் அவளுக்கே. முதிரையிலோ பலாவிலோ செய்த கனத்த உடம்பு, மூலைக்குப் பித்தளைத் தகடு, பூ வெட்டிய பூட்டுத்தகடு. உள்ளே மருதமுனைத் தறியில் நெய்த சாறன், சேலை, நகை. எல்லாவற்றுக்கும் அடியில் காணி உறுதி. சாவி மூத்தம்மாவின் இடுப்பில். அசைக்கவே நாலு பேர் வேண்டும் என்பதால் கள்ளனுக்கும் அதன்மேல் ஆசை வராது.

இன்று உடுப்பு அலுமாரிக்குப் போய்விட்டது, உறுதி வங்கிக்குப் போய்விட்டது. நகையும் வங்கியில்தான், பாதி அடகில். பழம்பொருள் வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்தவர்களும் உண்டு. மிச்சத்தில் பலதை 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கடல் கொண்டுபோனது. அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போன நாளில் பெட்டகத்தை யார் தேடினார்கள்? என்னை உறுத்துவது பிறகு நடந்தது. கிழக்கில் கட்டிக்கொடுத்த புதுவீடுகள் பல இடங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஆண் பெயருக்கே எழுதப்பட்டன. உம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த வீடு, ஒரு படிவத்தின் ஒற்றை வரியில் கைமாறிவிட்டது.

சாமான் போனாலும் அதன் அடையாளத்தைக் காக்க ஒரு வழி உண்டு. அமெரிக்காவில் 1935இல், பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த ஓவியர்களுக்கு அரசே கூலி கொடுத்துப் பழைய கைவினைப் பொருள்களை நீர்வர்ணத்தில் வரையவைத்தது. வண்ணப் புகைப்படத்தை நம்பமுடியாத காலம் அது. 1942 வரையில் சேர்ந்த சுமார் 18,000 படங்கள் இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர் பெண்பிள்ளைக்குச் செய்துகொடுத்த பெட்டகங்களும் அவற்றில் உண்டு. முகப்பில் துலிப் பூ, பறவை. சிலவற்றில் உரியவளின் பெயரும் ஆண்டும்கூட. உரிந்த வர்ணம், மரத்தின் வெடிப்பு, கைபட்டுத் தேய்ந்த இடம், ஒன்றையும் ஓவியர் அழகுபடுத்தவில்லை. சாமான் எந்த வீட்டில் கிடந்தாலும் அதன் அடையாளம் காகிதத்தில் ஏறிவிட்டது.

நம்மூர்ப் பெட்டகத்துக்கு அப்படி யாரும் தூரிகை எடுக்கவில்லை. கொழும்பு டச்சு நூதனசாலையின் சேகரிப்பில் ஒல்லாந்தர் காலத்துத் தளபாடம் உண்டு. அது வேறு வீட்டுக் கதை. பாடசாலையில் சித்திரப் பாடம் இருக்கிறது, பிள்ளைகள் பூச்சாடி வரைகிறார்கள். நெல்மூட்டை ஏற்றிய பெட்டகம் இன்னும் மிஞ்சியிருக்கும் வீட்டில் ஒரு சனிக்கிழமை அவர்களை உட்காரவைக்கலாம். அளவுநாடாவும் வர்ணப்பெட்டியும் போதும். படத்தின் ஓரத்தில் மரத்தின் பெயரோடு, அது யார் யாருக்குச் சீதனமாக வந்தது என்ற வரிசையையும் மூத்தம்மாவிடம் கேட்டு எழுதவேண்டும்.