சிசுவின் மூளைக்கு வாய்த்த ஆறு மணி நேரம்

பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர்கள் ஆவலோடு காத்திருக்கும் அந்த முதல் அழுகை கேளாமல், நீலம் பாரித்துத் துவண்ட தேகத்தோடு ஒரு சிசு பிறக்குமானால், வைத்தியர்கள் முதலில் அதன் சுவாசத்தையும் இதயத் துடிப்பையும் மீட்கப் பாடுபடுகிறார்கள்; சிறிது நேரத்தில் அது மூச்சு விட்டு நிறம் திரும்பிவிட்டால், கண்டம் தப்பிற்று என்று வீட்டார் ஆறுதல் அடைகிறார்கள். ஆனால் நஞ்சு முன்கூட்டியே பிரிந்ததாலோ, தொப்புள் கொடி நெரிபட்டதாலோ ரத்தமும் பிராணவாயுவும் தடைபட்ட மூளைக்கு, பெரிய ஆபத்து பல சமயங்களில் அதற்குப் பிறகுதான் வருகிறது.

நெடுங்காலம் வரை, பிராணவாயு நின்ற நிமிஷங்களிலேயே நேர வேண்டிய கேடெல்லாம் நேர்ந்துவிடுகிறது, பிறகு செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்பதே வைத்திய உலகின் பொது அபிப்பிராயமாக இருந்தது. 1980-களில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஆஸ்மண்ட் ரெனால்ட்ஸ் என்ற குழந்தை வைத்தியரும் அவருடைய சகாக்களும், காந்த சக்தியின் உதவியால் மூளையைத் தொடாமலே அதிலுள்ள பாஸ்பரஸ் சேர்மங்களை அளந்து, உயிரணுக்களிடம் எவ்வளவு சக்தி கைவசம் உள்ளது என்று கணிக்கும் முறையைச் சிசுக்களிடம் பிரயோகித்தார்கள். மூச்சுத் திணறிப் பிறந்த பல சிசுக்களின் மூளையில் முதல் சில மணி நேரம் அந்தச் சக்தி ஏறக்குறைய இயல்பாகவே காணப்பட்டது. பின்னர், பிராணவாயுவுக்கோ ரத்த ஓட்டத்துக்கோ குறைவில்லாதபோதே, அது மறுபடியும் சரியத் தொடங்கிற்று. அந்தச் சரிவு ஆழமாக இருந்த குழந்தைகளே பிற்காலத்தில் கடுமையான ஊனத்துக்கு உள்ளானார்கள், அல்லது உயிர் பிழைக்கவில்லை.

இந்த இரண்டாம் வீழ்ச்சி, வளரும் மூளைக்கே உரிய சில விசேஷ குணங்களால் மேலும் உக்கிரம் அடைகிறது. சக்தி வற்றிய நரம்பணுக்கள் குளூட்டமேட் என்னும் ரசாயனத்தை அளவின்றிச் சொரிய, அது அண்டையிலுள்ள அணுக்களின் வாயில்களைத் திறந்துவிட, கால்சியம் வெள்ளமாக உட்புகுந்து நாசம் விளைவிக்கிறது. இந்த வாயில்கள் சிசுவிடம் பெரியவர்களைவிட எளிதில் திறப்பவை. ஏனெனில் தாயின் குரலையும் முகத்தையும் பழகி, நரம்புத் தொடர்புகளை உறுதிப்படுத்திக்கொள்ளும் கல்வி பெரும்பாலும் அவற்றின் வழியாகவே நடைபெறுகிறது. அதுமட்டுமன்று, வளரும் மூளை தேவைக்கு அதிகமாக நரம்பணுக்களைப் படைத்து, பின்பு மிகையானவற்றைத் தாமே மடியச் செய்து தன்னை உருவாக்கிக்கொள்கிறது, அந்த ஏற்பாடு முனைப்பாக இருக்கும் பருவத்தில் காயம் பட்டால், பிழைத்திருக்கக்கூடிய அணுக்களும் அதே வழியில் மடிந்துபோகின்றன. கற்பதற்கும் வளர்வதற்கும் இயற்கை அளித்த சாதனங்களே எமனாக வந்து நிற்கும் இந்த விபரீதத்தைக் காட்டிலும் வியப்பான செய்தி மூளை ஆராய்ச்சியில் அதிகம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மேலே அணைந்து உள்ளே கனலும் உமியைப் போல மூளை இருக்கும் அந்த இடைவேளையில் ஏதேனும் செய்ய முடியுமா என்று ஆராய்ந்தவர்களுள் முக்கியமானவர்கள் நியூஸிலாந்தின் ஆக்லாந்து சர்வகலாசாலையைச் சேர்ந்த அலிஸ்டர் கன்னும் பீட்டர் குளுக்மனும். ஆட்டுக்குப் பஞ்சமில்லாத அந்தத் தேசத்தில், தாயின் கர்ப்பத்தில் இருக்கும் ஆட்டுக்குட்டியின் மூளைக்கு ரத்தத்தை முப்பது நிமிஷம் தடுத்து, பிறகு அதன் தலையைச் சுற்றிக் குளிர்நீர்க் குழாயைப் பொருத்தி மூன்று நாள் குளிரவைத்துப் பார்த்தார்கள். காயம் பட்டு ஒன்றரை மணி நேரத்தில் குளிர்வித்தபோது நரம்பணுக்கள் பெருமளவில் பிழைத்தன என்று 1997-இல் வெளியிட்டார்கள். ஐந்தரை மணி நேரம் தாமதித்தபோது பலன் குறைந்தாலும் இருந்தது. எட்டரை மணி நேரம் தாமதித்து, வலிப்பு தொடங்கிய பின் குளிர்வித்தபோது பலனே இல்லை. இன்று உலகெங்கும் சிசு வைத்தியர்கள் ஆறு மணி நேரம் என்று கெடு வைத்துக்கொண்டு ஓடுவதற்கு இந்த ஆட்டுக்குட்டிகளே ஆதாரம்.

குளிர்ச்சி புதிய யோசனை அன்று. சுவீடனில் வெஸ்டின் என்ற வைத்தியர் 1950-களிலேயே மூச்சற்றுப் பிறந்த சிசுக்களைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்திப் பார்த்தார். ஆனால் 1958-இல் நியூயார்க்கில் வில்லியம் சில்வர்மன், குறைமாதக் குழந்தைகளைச் சற்றே அதிக உஷ்ணத்தில் வைத்தால் அதிகம் பேர் பிழைக்கிறார்கள் என்று நிரூபித்ததும், சிசுவைக் குளிரவைப்பது மகாபாவம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. சில்வர்மன் சொன்னது சரியே. குறைமாதக் குழந்தைக்கு உரிய நியாயத்தை மூளை காயம்பட்ட நிறைமாதக் குழந்தைக்கும் பொருத்தியதுதான் பிசகு.

2005-இல் அமெரிக்காவில் சீதா சங்கரனும் அவருடைய குழுவினரும் 208 சிசுக்களிடம் நடத்திய சோதனையின் முடிவு வெளியாயிற்று. ஆறு மணி நேரத்துக்குள் உடம்பை 33.5 டிகிரி செல்சியஸுக்கு இறக்கி 72 மணி நேரம் அப்படியே வைத்தவர்களில் மரணமோ பெரிய ஊனமோ அடைந்தவர்கள் நூற்றுக்கு 44. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 62. பின்னர் 11 சோதனைகளை, 1,505 சிசுக்களை ஒருங்கே வைத்துக் கணக்கிட்டபோது, ஏழு சிசுக்களைக் குளிர்வித்தால் அவற்றுள் ஒன்று மரணத்திலிருந்தோ பெரிய ஊனத்திலிருந்தோ காப்பாற்றப்படுகிறது என்று தெரிந்தது.

இனி, நம் நாட்டின் கதை. லண்டன் இம்பீரியல் காலேஜின் சுதின் தய்யில் தலைமையில், இந்தியா, இலங்கை, வங்காள தேசம் ஆகிய மூன்று நாடுகளில், சென்னை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிகள் உட்பட ஏழு பெரிய சிசு சிகிச்சைப் பிரிவுகளில், 408 குழந்தைகளிடம் இதே சிகிச்சை சோதிக்கப்பட்டது. 2021-இல் முடிவு வெளிவந்தபோது வைத்திய உலகம் திடுக்கிட்டது: குளிர்வித்த சிசுக்களில் நூற்றுக்கு 42 இறந்தன; குளிர்விக்காதவற்றில் 31. மரணமோ பெரிய ஊனமோ அடைந்தவர்களின் மொத்தத் தொகையும் குறையவில்லை. நம் பக்கத்துச் சிசுக்களில் பலருக்கு மூளைக் காயம் பிரசவ வேளையின் ஒரே அதிர்ச்சியால் நேராமல், அதற்கு முன்பே, விட்டு விட்டுப் பல மணி நேரமாக நேர்ந்திருக்கலாம். ஆகவே பிறந்தபின் ஆறு மணி நேரம் என்ற அவகாசமே அவர்களுக்கு வாய்க்கவில்லை என்பது ஆராய்ச்சியாளர்கள் கூறும் சமாதானங்களுள் ஒன்று. இதை ஒப்பாத வைத்தியர்களும் உண்டு, விவாதம் ஓயவில்லை. ஆயினும் கோடிக்கணக்கான பிரசவங்கள் நடக்கும் தேசங்களில், வேறிடத்தில் மெய்ப்பிக்கப்பட்டதை இங்கே சோதிக்காமலே மேற்கொள்வது கூடாது என்று காட்டிய அளவில், தோற்றுப்போன இந்தச் சோதனை வென்ற சோதனைகள் பலவற்றைக் காட்டிலும் மேலானது என்பேன்.

இங்கே பலன் தரும் சிகிச்சை வரும் வரையில் நம் கையில் இருப்பது, பிரசவ வலியின்போது சிசுவின் இதயத் துடிப்பைத் தவறாமல் கவனிப்பதும், பிறந்தபின் வளர்ச்சியைக் கண்காணிப்பதுமே. உங்கள் வீட்டுக் குழந்தை "பிறந்ததும் அழவில்லை" என்று மருத்துவச் சீட்டில் எழுதப்பட்டிருந்தால், அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தலை நிற்கவும் குப்புற விழவும் தாமதமானால், "அப்பாவும் நேரம் கழித்துத்தான் நடந்தார்" என்று காத்திராமல், அரசு ஆஸ்பத்திரியில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள்.