தரையைத் தள்ளிப்போடும் தாவல்

உடலின் எடைமையம் அரை மீட்டர் உயரும்படி ஒருவர் தாவினால், ஏறி இறங்க 0.64 நொடி ஆகும். ஒரு மீட்டர் உயர்ந்தால் 0.9 நொடி. எத்தனை ஆண்டு சாதகம் செய்தாலும் புவியீர்ப்பிடம் பேரம் பேச முடியாது.

ஆனால் 1945-இல் மாயா டெரன் எடுத்த 'எ ஸ்டடி இன் கோரியோகிராஃபி ஃபார் கேமரா' என்ற ஊமைக் குறும்படத்தில், டாலி பீட்டி என்ற நடனக் கலைஞர் பல நொடிகள் அந்தரத்தில் போய்க்கொண்டே இருக்கிறார். அது ஒரே தாவல் அல்ல. ஒரு ஷாட்டில் எழும்புகிறார், அடுத்தவற்றில் மிதக்கிறார், கடைசியில் இறங்குகிறார். நடுத் துண்டுகளில் தரை விட்ட கணமும் தரை தொட்ட கணமும் கத்தரிக்கப்பட்டுவிட்டன. போதாததற்கு ஸ்லோ மோஷன் வேறு. நொடிக்கு 64 பிரேம் வீதம் எடுத்து 16 வீதம் ஓட்டினால், அசைவு நான்கு மடங்கு நீளும். மேடையில் யாராலும் ஆட முடியாத இந்த அடவு, எடிட்டிங் மேசையில் பிறந்தது.

காட்டில் தூக்கிய காலை பீட்டி ஒரு வீட்டு அறைக்குள் ஊன்றும் இடம் இன்னும் அழகு. இடம்தான் மாறுகிறது, கால் தன் வேகத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் கண் கேள்வி கேட்பதில்லை. நம் விழிகள் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை இடம்விட்டு இடம் தாவுபவை. அந்தத் தாவலின்போது பார்வை மங்கும், மூளை அதை ஒட்டுப்போட்டுவிடும். தொடரும் அசைவுக்கு நடுவே விழும் வெட்டுக்கும் ஏறக்குறைய அதே சலுகை கிடைக்கிறது. உளவியலாளர்கள் டிம் ஸ்மித், ஜான் ஹெண்டர்சன் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், வெட்டு வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்லியும், அசைவின் நடுவில் வந்த வெட்டுகள் பலவற்றைப் பார்வையாளர்கள் தவறவிட்டார்கள். அசைவு முடிந்தபின் வெட்டாமல் பாதியிலேயே வெட்டும் எடிட்டரின் பழக்கம் இந்த ஆய்வுக்கு வெகுகாலம் முந்தியது.

ஹாலிவுட் நடன நடிகர் ஃபிரெட் அஸ்டேர் இதற்கு நேர் எதிர். தலை முதல் கால் வரை முழு உடலும் தெரிய வேண்டும், ஷாட் நீளமாக ஓட வேண்டும், வெட்டு முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும் என்பார். ஆடியது தன் உடல்தான் என்பதற்கு அதுவே சாட்சி. அவர் பக்கமும் நியாயம் உண்டு. தாளத்துக்குத் தாளம் வெட்டி, எந்த அசைவையும் முடிய விடாத இன்றைய பாட்டு வீடியோக்கள்தான் இரண்டு பக்கமும் சேராதவை. அவற்றில் துடிப்பு இருக்கிறது, அடவு இல்லை.

டெரனின் வெட்டு அப்படி ஆட்டக்காரரை விழுங்கவில்லை. பீட்டியின் கால் இறங்கும் வேகம்தான் எங்கே வெட்டலாம் என்பதை முடிவு செய்தது. படம் இருவர் பெயரிலும் வெளிவந்தது.