திரையில் ஓடும் காருக்குப் பிடிமானம் உண்டா?

வீட்டிற்குள் அமர்ந்தபடியே கார்ப் பந்தயம் விடலாம் என்றால் நம் பாட்டிமார் நம்பமாட்டார்கள். ஆனால் விடுமுறை நாட்களில் ஆலங்குளத்தில் தெருவுக்கு நான்கு பந்தயமாவது நடக்கிறது, எல்லாம் கைப்பேசியில்தான்! "அசல் கார் மாதிரியே போகும்" என்று நம் தம்பிமார் சாதிக்கிறார்கள். அது எந்த அளவுக்கு மெய் என்று பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் படித்தும் கேட்டும் அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு கேள்வி. கார் சாலையைத் தொடும் இடம் எவ்வளவு? சக்கரத்துக்கு ஓர் உள்ளங்கை அளவுதான். கார் ஓடுவதும் நிற்பதும் திரும்புவதும் இந்த நான்கு உள்ளங்கை இடத்தில் எழும் உராய்வினால்தான். இந்த உராய்வு மாதச் சம்பளம் போன்றது. அரிசிக்கு மிகுதியாகச் செலவிட்டால் எண்ணெய்க்குக் குறையும் என்பதை நம் அன்னையர் அறிவர். அவ்வாறே பிரேக்குக்கு முழுவதையும் செலவிட்டுவிட்டால் திரும்புவதற்கு மிச்சம் இராது. வளைவில் சக்கரங்கள் நின்றுபோகும்படி பிரேக்கை மிதித்தால், ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேரேதான் போகும்.

இதைவிட விந்தையான செய்தி ஒன்று உண்டு. டயர் சற்றே வழுக்கும்போதுதான் அதன் பிடிமானம் உச்சத்தில் இருக்கிறது! பிரேக் பிடிக்கையில் சக்கரம் சுழலும் வேகம், வண்டியின் வேகத்தைவிட நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு குறையும்போது அந்த உச்சம் கிட்டுகிறது. அதைத் தாண்டிச் சக்கரம் அடியோடு நின்றுவிட்டால் பிடிமானம் இறங்கிவிடும். இவ்வாறு ஏறி இறங்கும் கோட்டை நெதர்லாந்து நாட்டு டெல்ஃப்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹான்ஸ் பசேக்காவும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1980களில் ஒரு சூத்திரமாக அமைத்தனர். அதற்கு 'மாயச் சூத்திரம்' என்று பெயர். பெயரில்தான் மாயம். டயரை ஓட்டி அளந்து பெற்ற எண்களுக்குப் பொருந்துமாறு அமைத்த கணக்கே அது. இன்றைய உயர்தரப் பந்தய விளையாட்டுகள் இச்சூத்திரத்தையோ இதைப் போன்ற வேறொன்றையோ கொண்டு, ஒவ்வொரு சக்கரத்தின் பிடிமானத்தையும் நொடிக்குப் பல நூறு முறை கணக்கிடுகின்றன.

1997இல் ஜப்பானில் வெளிவந்த 'கிரான் டூரிஸ்மோ' இந்த வழியில் பெயர் பெற்றது. அதன் பிற்காலப் பதிப்பு ஒன்றைக் கொண்டு நடத்திய போட்டியில் 2011இல் வென்ற ஜான் மார்டன்பரோ என்ற இளைஞர், 2013இல் பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் தம் பிரிவில் மூன்றாமிடம் பெற்ற குழுவில் ஒருவராக ஓட்டினார். திரையிலிருந்து எழுந்து நேரே பந்தயத்துக்குப் போய்விட்டார் என்று தம்பிமார் எண்ணவேண்டாம். இடையில் அசல் கார்களில் அவருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது.

கைப்பேசியில் வரும் 'அஸ்பால்ட்' போன்றவை வேறு இனம். அங்கே கார் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே வேகம் எடுக்கும், ஆகாயத்தில் பறந்து வந்தும் நேராக நிற்கும். ஆடுபவர் சலித்துவிடக் கூடாதென்று கணினியே பிடிமானத்தைக் கடனாகக் கொடுக்கிறது. இந்தோனேசியப் பேருந்து விளையாட்டு ஒன்றில் நம் அரசுப் பேருந்தின் வண்ணத்தை ஒட்டி ஓட்டுவது இப்போது பெரிய மோகம். ஹாரன்கூட நம்மூர் ஹாரன்தான்! ஆனால் வண்ணமும் ஹாரனும் ஒத்திருந்தால் போதுமா? ஆட்களோடு பத்து டன்னுக்கு மேல் நிறுக்கும் வண்டி, பிரேக் பிடித்ததும் முன்சக்கரங்களின்மேல் எப்படிச் சாயும் என்பதல்லவா சோதனை!

சாலையின் குணத்தை அறிய நம் சென்னையையே சான்றாகச் சொல்லலாம். இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் நிலையான பந்தயத் தடம் இருக்கிறது. ஆனால் 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் நீளத்தில், மக்கள் அன்றாடம் செல்லும் தெருக்களிலேயே இரவுப் பந்தயம் நடைபெற்றது. இத்தகைய தெருவில் புழுதியும், சிந்திய எண்ணெயும், வண்ணம் பூசிய கோடுகளும் இருக்கும். முதல் சுற்றுகளில் கார் வழுக்கும். ஓட ஓட டயரின் ரப்பர் தார் மேல் படிந்து பிடிமானம் ஏறும். மழை பெய்தால் ஏறியதெல்லாம் போய்விடும். இந்த மாற்றத்தைக்கூட மிகச் சிறந்த சில விளையாட்டுகள் கணக்கில் கொள்கின்றன என்று அறிந்து வியந்தோம்.

இருந்தும் ஒரு குறை. எங்கள் தோழி ஒருத்தியின் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுபவர். வண்டி வழுக்கப்போவது முதலில் இடுப்புக்குத்தான் தெரியும், கண்ணுக்குப் பிறகுதான் என்றார் அவர். திரைக்கு முன் அமர்ந்தவருக்குக் கண்ணும் காதும் மட்டுமே துணை. விலையுயர்ந்த விளையாட்டு ஸ்டீயரிங்குகள் கையை இழுத்துக் காட்டும். இடுப்புக்கு ஒன்றும் தெரியாது. ஃபார்முலா ஒன் அணிகள் இதற்காகவே இருக்கையோடு அசையும் பெரிய இயந்திரங்களை வைத்திருக்கின்றன. அவற்றாலும் பந்தயக் காரின் விசையைச் சிறிதளவுதான் காட்டமுடியும்.

இதை நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணம், சாரல் காலத்தில் நம் ஊர் வழியாகக் குற்றாலம் செல்லும் வண்டிகள். உராய்வுக் கெழுவைக் கொண்டு நாங்களே கணக்கிட்டுப் பார்த்தோம். உலர்ந்த தார்ச்சாலைக்குச் சுமார் 0.8 எனக் கொண்டால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், பிரேக் பிடித்தபின் 18 மீட்டரில் நிற்கும். வழுக்கும் ஈரச்சாலைக்கு 0.4 எனக் கொண்டால் 35 மீட்டர் ஆகிறது. பிரேக்கை மிதிக்க ஒரு நொடி தாமதித்தால் மேலும் 17 மீட்டர். வகுப்பறையைக் காலால் அளந்து பார்த்தால் இந்த எண்களின் பொருள் விளங்கும்.

நெடுநாள் வெயிலுக்குப்பின் விழும் முதல் தூறல்தான் மிகவும் பொல்லாதது. சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் கழுவப்படாமல் குழைந்து கிடக்கும் நேரம் அது. அதிலும் நம் பக்கத்துச் சாரல், தென்காசியில் நனைத்து, பாவூர்சத்திரத்தில் தூறி, ஆலங்குளத்தில் வெயிலாகவும் இருக்கும். நாங்கள் பார்த்த கைப்பேசி விளையாட்டுகளிலோ, மழை என்று வைத்தால் சாலை முழுவதும் ஒரே ஈரம்!