கிட்டார் இல்லாத கலகம்: தாராவி தமிழ் ராப் எங்கிருந்து வந்தது?

2018 ஜூன் 7 அன்று வெளியான ‘காலா’ படத்தில் ரஜினிகாந்தோடு ராப் பாடிக்கொண்டு வரும் இளைஞர்கள் நினைவிருக்கிறார்களா? அவர்கள் சென்னையில் இருந்து அழைத்து வரப்பட்ட துணை நடிகர்கள் அல்ல. ‘டோப்பாடெலிக்ஸ்’ என்ற மும்பைத் தாராவி ராப் குழுவினர். ஆண்டாப் ஹில்லில் இருந்து சயான் வழியாகச் சில கிலோமீட்டர் போனால் அவர்கள் வளர்ந்த கல்லிகள் (சந்துகள்) வந்துவிடும். அந்தப் படத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே அவர்கள் பாடத் தொடங்கிவிட்டார்கள். அவர்களைப் புரிந்துகொள்ள, முதலில் பங்க் ராக்கைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பங்க், ராப்: ஒரே ஊரின் பிள்ளைகள்

1970-களின் நடுவில் நியூயார்க் நகரம் பணமின்றித் தவித்தது. 1975-இல் நகர நிர்வாகம் திவாலாகும் நிலைக்கே போனது. மன்ஹாட்டனில் சி.பி.ஜி.பி. என்ற சிறிய விடுதியில் ராமோன்ஸ் போன்ற குழுக்கள் மூன்று கிட்டார் சுரக்கூட்டுகளை (கார்டுகளை) மட்டும் வைத்துக்கொண்டு வேகமாகவும் சத்தமாகவும் பாடின. அதுதான் பங்க். லண்டனில் செக்ஸ் பிஸ்டல்ஸும் கிளாஷும் அதைக் கையில் எடுத்தன. சங்கீதம் கற்றவன்தான் மேடை ஏற வேண்டும் என்ற விதியை அந்த இளைஞர்கள் உடைத்தார்கள்.

அதே நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1973 ஆகஸ்ட் 11 அன்று, டி.ஜே. கூல் ஹெர்க் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு இசைத்தட்டு இயந்திரங்களோடு நடத்திய விருந்தை ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகச் சொல்கிறார்கள். இசைக்கருவி வாங்க வழியில்லாத கறுப்பின, லத்தீன் பிள்ளைகளுக்குப் பேச்சே பாட்டானது. ஆக, பங்க்கும் ராப்பும் ஒரே ஊரில், ஒரே பஞ்ச காலத்தில் வளர்ந்த பங்காளிகள்.

மும்பையில் ராப் ஏன் வேர்விட்டது?

1982 ஜனவரி 18 அன்று மும்பையில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதன்பின் மில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அப்படி லோயர் பரேலில் இருந்த மதுராதாஸ் மில் வளாகத்தில் 2007-இல் புளூ ஃபிராக் என்ற இசை விடுதி திறக்கப்பட்டது. மும்பையின் ராக் குழுக்களுக்கு இத்தகைய மேடைகள் கிடைத்தன. ‘தி ரயட் பெட்லர்ஸ்’ போன்ற பங்க் குழுக்களும் இந்நகரில் இருந்தன. அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடின.

தாராவியிலோ, பத்துக்குப் பத்து கோலியில் (ஒற்றை அறை வீட்டில்) குடும்பமே படுத்து எழும்போது டிரம் செட்டை எங்கே வைப்பது? ராப்புக்கு அது தேவையில்லை. கைப்பேசியில் ஒரு பீட் போதும். அதுவும் இல்லையென்றால் வாயாலேயே தாளம் போடலாம். தமிழிலும் ராப் பாட முடியும் என்பதை மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006-இல் ‘வல்லவன்’ ஆல்பத்தில் ஏற்கெனவே காட்டியிருந்தார்கள்.

டோப்பாடெலிக்ஸ் என்ன செய்தது?

ஸ்டோனி சைக்கோ, டோப் டாடி முதலியோர் 2010-களின் தொடக்கத்தில் இந்தக் குழுவை உருவாக்கினார்கள். தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் என்று தாராவியில் காதில் விழும் மொழிகளிலேயே பாடினார்கள். தெருவில் நிற்கும் ஏழைப் பையனைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் காவல்துறையைப் பற்றி அவர்கள் பாடிய பாட்டின் தலைப்பு, மராத்தியில் ‘அம்மா சத்தியமா நான் இல்லை சார்’ என்ற பொருள் கொண்டது. தாராவிப் பையன்கள் பலருக்கும் பழகிப்போன வாக்கியம் அது. பங்க் குழுக்கள் லண்டனில் பாடிய கோபம் இங்கே மராத்தி பேசியது.

‘காலா’வில் சந்தோஷ் நாராயணன் இசையில் ‘தெருவிளக்கு’ பாட்டை இவர்கள் பாடினார்கள். ‘கற்றவை பற்றவை’ பாட்டில் யோகி பி-யின் குரல் ஒலித்தது. கோலாலம்பூர் ராப்பும் தாராவி ராப்பும் ஒரே தமிழ்ப்படத்தில் சேர்ந்தன. உலகமே கொண்டாடிய இந்திப் படமான ‘கல்லி பாய்’ வந்தது எட்டு மாதம் கழித்து, 2019 பிப்ரவரி 14 அன்றுதான். அதற்குத் தூண்டுதலாக இருந்த ராப் பாடகர்களில் நேஸி குர்லாவையும், டிவைன் அந்தேரியையும் சேர்ந்தவர்கள். தாராவித் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் திரையில் முதலில் உரிய இடம் தந்தது பா.ரஞ்சித் இயக்கிய ‘காலா’தான்.

அதே 2018-இல், ஜனவரி 6 அன்று, சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் மேடை ஏறியது. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதிபேதமற்ற’ என்ற சொல்லே அதன் பெயருக்கு மூலம். கானா, ராப், ராக் மூன்றும் அங்கே ஒன்றாயின. அறிவு, இசைவாணி போன்றவர்களை நாடறியச் செய்த மேடை அது.

இனி என்ன?

2015-இல் தொடங்கிய ‘தாராவி ட்ரீம் புராஜெக்ட்’ அப்பகுதிப் பிள்ளைகளுக்கு ராப், பீட்பாக்ஸிங், நடனம் ஆகியவற்றைக் கற்றுத் தருகிறது. இதற்கிடையே, 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்பு ஏலத்தில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு வென்றது. வீடுகளைப் பற்றிப் பேசுகிறோம். பாட்டு பிறந்த கல்லிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவை போனால் பிள்ளைகள் எங்கே கூடிப் பாடுவார்கள்?

மாட்டுங்கா, செம்பூர், ஆண்டாப் ஹில் பகுதித் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் திறக்கும் கூடத்தை, வாரத்தில் ஒரு மாலை இந்தப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடுங்கள். அவர்கள் பாடுவதும் தமிழ்தான்.