திரும்பத் திரும்பத் தளரும் யூ போல்ட்

நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சரக்கு வண்டிதான் சோறு போடுகிறது. குண்டலுபேட்டையில் தக்காளியும் வாழையும் பூசணியும் ஏற்றிக்கொண்டு ஒரு பக்கம் கூடலூர், ஊட்டிக்கும், மறுபக்கம் சுல்தான் பத்தேரி, கோழிக்கோட்டுக்கும் பிக்கப் வண்டிகள் ஓடுகின்றன. இங்கே வண்டி பழுது பார்க்கும் தொழிலில் இருக்கும் என்னிடம் ஓட்டுநர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. “அண்ணே, பின்பக்கக் கமான் பட்டை யூ போல்ட்டை வாராவாரம் முறுக்குறேன். நிக்கவே மாட்டேங்குது.”

இந்தக் குறையோடு வருபவை பெரும்பாலும் தூக்கிக் கட்டிய வண்டிகள். தோட்டத்து வண்டிப்பாதையில் அடி தட்டக்கூடாது என்று சிலர் கூடுதல் பட்டை சேர்க்கிறார்கள். சிலர் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைக்கிறார்கள். அதன் பிறகுதான் தொல்லை ஆரம்பிக்கிறது.

இதைச் சின்ன விஷயம் என்று விடக்கூடாது. பந்திப்பூர் காட்டுச் சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. சாவடி மூடுமுன் போய்ச் சேரும் அவசரத்தில், காட்டுக்குள் இருக்கும் வேகத்தடைகளில் சுமை வண்டி தடதடவென்று ஏறி இறங்குகிறது. அங்கே அச்சு நகர்ந்துவிட்டால் யானை நடமாடும் இடத்தில் இறங்கி நிற்க வேண்டும். மலை வளைவில் நகர்ந்தாலோ, போவது சரக்கு மட்டுமாக இராது.

போல்ட் எப்படிப் பிடிக்கிறது?

நட்டை முறுக்கும்போது போல்ட் மயிரிழை அளவு நீளுகிறது. திரும்பச் சுருங்கப் பார்க்கும் அந்த இழுப்புதான் பட்டையையும் கட்டையையும் அச்சையும் ஒன்றாக நெருக்குகிறது. அந்த நெருக்கத்தில் உண்டாகும் உராய்வே அச்சை அசையவிடாமல் வைக்கிறது.

பச்சை விறகைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி வையுங்கள். நாலு நாள் வெயிலில் காய்ந்தபின் கட்டு தொளதொளவென்று ஆகிவிடும். முடிச்சு அவிழவில்லை, உள்ளே இருந்த விறகுதான் சுருங்கியது. யூ போல்ட்டிலும் அப்படித்தான். பட்டைகளுக்கு நடுவே இருக்கும் பெயின்ட், துரு, மண் நசுங்கினாலே இறுக்கம் போய்விடும்.

இன்னொரு வழியும் உண்டு. 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் சோதனை செய்து காட்டினார். இறுக்கிய பாகங்கள் பக்கவாட்டில் முன்னும் பின்னும் வழுக்கினால், நட்டு தானாகவே கழன்று திரும்பும். ஸ்பிரிங் வாஷர் போட்டாலும் அது நிற்காது.

தூக்கிய வண்டியில் இந்த வழுக்கல் அதிகம். பிரேக் பிடிக்கும்போதும் வேகம் எடுக்கும்போதும் அச்சு முறுக்கிக்கொள்ளப் பார்க்கிறது. நடுவே உள்ள கட்டை நெம்புகோல் போல வேலை செய்கிறது. கட்டை உயர உயர நெம்பும் பலமும் கூடுகிறது.

கோடு போட்டுப் பாருங்கள்

காரணம் தெரியாமல் முறுக்கிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. சரியாக இறுக்கியபின் போல்ட் முனை, நட்டு, கீழ்த்தகடு மூன்றின் மேலும் ஒரே நேராக வெள்ளைப் பெயின்டால் கோடு போடுங்கள். ஒரு வாரம் சுமையோடு ஓட்டிவிட்டுப் பாருங்கள்.

கோடு பிசகியிருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது. அதாவது உள்ளே ஏதோ வழுக்குகிறது. கட்டை சமமாக உட்காரவில்லையா, சென்டர் போல்ட்டின் தலை அச்சுமேடையின் குழியில் சரியாகப் பொருந்தவில்லையா, குழியே தேய்ந்து பெரிதாகிவிட்டதா என்று பாருங்கள். பட்டை ஓரத்தில் செந்நிறப் பொடி கசிந்திருந்தால் இரும்பும் இரும்பும் உரசுகிறது என்று அர்த்தம்.

கோடு நேராகவே இருந்தும் நட்டு இளகியிருந்தால் நட்டின்மேல் குற்றமில்லை. போல்ட் நிரந்தரமாக நீண்டுவிட்டது, அல்லது நடுவே ஏதோ நசுங்கிவிட்டது.

முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் நாடா வைத்து அளந்து பாருங்கள். ஒரு பக்கம் குறைந்தால் அச்சு நகர்ந்துவிட்டது. சென்டர் போல்ட் அறுந்திருக்கக்கூடும். அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டக்கூடாது.

சரி செய்யும் முறை

1. கழற்றிய யூ போல்ட்டையும் நட்டையும் மறுபடி போடாதீர்கள். ஒருமுறை நீண்டுபோன போல்ட் பழையபடி பிடிக்காது. பட்டை சேர்த்தாலோ கட்டை வைத்தாலோ அதற்கேற்ற நீளத்தில் புதியது வேண்டும். இறுக்கியபின் நட்டுக்கு வெளியே இரண்டு மூன்று மரையாவது தெரிய வேண்டும்.

2. பட்டை, கட்டை, அச்சுமேடை ஒன்றையொன்று தொடும் முகங்களைச் சுரண்டித் துடையுங்கள். அங்கே புதுப் பெயின்ட் அடிக்க வேண்டாம். கட்டைமேல் கட்டை அடுக்கக்கூடாது. முன் அச்சில் கட்டை கூடவே கூடாது.

3. மரை சுத்தமாக இருக்கட்டும். நாம் போடும் பலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது. மற்றதை உராய்வே தின்றுவிடுகிறது. துருப்பிடித்த மரையில் கைக்கு இறுக்கமாகத் தெரிந்தாலும் உள்ளே பிடிப்பு இராது.

4. நாலு நட்டையும் குறுக்கும் நெடுக்குமாக, படிப்படியாக முறுக்குங்கள். கடைசி முறுக்கு சக்கரம் தரையில் நின்று வண்டியின் பாரம் பட்டையில் இறங்கியபின் இருக்கட்டும். அளவுக்கு டார்க் ரெஞ்ச்சும் வண்டிக் கம்பெனியின் கையேடும்தான் ஆதாரம். குழாயைச் செருகி ஏறி மிதிப்பது அளவு ஆகாது.

5. முதல் சுமைப் பயணம் முடிந்ததும் ஒருமுறை, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை இறுக்கம் பாருங்கள். புதிதாக அடுக்கியவை ஒன்றோடொன்று படிந்து உட்காரும்போது சிறிது தளர்வது இயல்பு. அதற்குப் பின்னும் தளர்ந்தால் மேலே சொன்ன காரணங்களைத் தேடுங்கள்.

6. நட்டைப் போல்ட்டோடு வெல்டிங் வைக்காதீர்கள். சூட்டில் எஃகின் பதம் கெட்டு, போல்ட் சொல்லாமல் அறுந்துவிடும்.

ஷாக் அப்சார்பரும் ஷாக்கிள் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் ஒவ்வொரு குலுக்கலும் நேரே யூ போல்ட்டுக்குத்தான் வரும். அவற்றையும் கூடவே மாற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. பட்டை சேர்த்ததனால் வண்டியின் அனுமதிச் சுமை ஒரு கிலோகூடக் கூடிவிடாது. பிரேக்கும் டயரும் அச்சும் பழையவைதானே? இத்தனை செய்தும் தளர்ச்சி தீராத வண்டிக்கு நான் சொல்லும் மருந்து ஒன்றுதான்: கட்டையை எடுத்துவிட்டு, கம்பெனி கொடுத்த உயரத்துக்கே வண்டியை இறக்கிக் கட்டுங்கள்.