கண்டிச் சீமையும் கடல் கடக்கும் இளைஞரும்

கண்டி வாவிக்கரையில் மாலை வேளைகளில் உலாவுவோர்க்கு ஒரு காட்சி பழகிப் போயிருக்கும். அலைபோல் வளைந்து செல்லும் வெண்சுவரருகே இளைஞர் இருவர் மூவர் கூடி நிற்பர். ஒருவர் கையில் கடவுச்சீட்டு. மற்றவர் கையில் ஏதோ ஒரு முகவர் நிலையத்தின் காகிதம். பேச்சு முழுவதும் ஒன்றே: போவதா, இருப்பதா?

பொருளாதாரம் நிலைகுலைந்த 2022ஆம் ஆண்டில் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை தேடி இலங்கையை விட்டுப் புறப்பட்டனர். கடவுச்சீட்டுக்காக விடிய விடிய வரிசையில் நின்றவர்களை நாமும் பார்த்தோம். வரிசை குறைந்தாலும் கேள்வி குறையவில்லை.

இக்கேள்வி கண்டிக்குப் புதிதன்று. ஒரு காலத்தில் கண்டியே அந்நிய தேசமாக இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? புதுக்கோட்டை, திருச்சி, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் இலங்கைக்குப் போவதை அக்காலத்தார் 'கண்டிச் சீமைக்குப் போவது' என்றே சொன்னார்கள். 1820களில் கம்பளைப் பக்கத்தில் கோப்பிப் பயிர் தொடங்கிய பின்னர், மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே கால்நடையாக மாத்தளை ஏறி வந்தவர்களும் இருபது வயதை ஒட்டிய இளைஞர்களே. கங்காணி சொன்ன கதையை நம்பி வந்தார்கள். வழியிலேயே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்டவர் பலர். பின்னாளில் மண்டபத்தில் முகாம் ஒன்று அமைத்து, நோய்த் தடுப்புக்காக அங்கே நிறுத்தி வைத்தே கப்பலேற்றினர்.

அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு இதே கேள்வி திரும்பவும் வந்தது. அது வந்த விதந்தான் கொடியது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக் கொள்வதென முடிவாயிற்று. (1974இல் அவர்களையும் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டுக் கொண்டன.) அரிசி மூட்டையைப் பங்கிடுவது போலத்தான்! மூட்டையிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை அல்லவா? இங்கும் விண்ணப்பப் பத்திரம் மட்டுமே வந்தது.

அப்பத்திரத்தின் கதையை அந்தானை மலையடிவாரத்து லயன் ஒன்றில் ஒரு மூதாட்டி நமக்குச் சொன்னார். அப்போது அவருக்குப் பதினேழு வயது. தந்தை எழுத்தறியாதவர், கணக்கப்பிள்ளை நிரப்பிக் கொடுத்த தாளில் இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டுப் பெருவிரல் பதித்தார். பதினெட்டு வயதைக் கடந்திருந்த தமையனோ தனியாக இந்தியாவுக்கு விண்ணப்பித்தார்.

"ஒரே காம்பராவுல படுத்து எந்திரிச்சோம். ஒரு கையெழுத்துல அண்ணன் ஒரு நாடு, நாங்க ஒரு நாடு ஆயிட்டோம்" என்றார்.

எழுபதுகளின் பஞ்சத்தில் தோட்டங்களில் மக்கள் பட்டினி கிடந்தனர். கண்டிப் பகுதியில் தோட்டங்கள் அரசுடைமையான போது, வேலையும் லயனும் இழந்து தெருவுக்கு வந்த குடும்பங்கள் பல. அந்நாளில் தமையனும் மூட்டை கட்டினார். மலைநாட்டிலிருந்து தலைமன்னார் சென்ற அந்தப் புகைவண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. கண்டி நிலையத்தில் வண்டி நகரும் போது மேடையிலும் பெட்டியிலும் ஒரே அழுகுரல். தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேஸ்வரம். அங்கிருந்து அதே மண்டபம் முகாம். பாட்டன் வந்த வழியே பேரன் திரும்பினான்.

போனவர்கள் என்னவானார்கள்? நீலகிரியில் அரசாங்கம் அவர்களுக்கென்றே தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. சிலருக்கு நூற்பாலை வேலை. சிலருக்குச் சிறு வியாபாரக் கடன். வியாபாரம் அறியாத தோட்டத் தொழிலாளி அக்கடனை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? கொடைக்கானல் மலையில் ஒப்பந்தக்காரர்களிடம் கொத்தடிமைகளாய்ச் சிக்கியவர்களும் உண்டு. மூதாட்டியின் தமையனுக்குக் கோத்தகிரியில் கொழுந்து மலையிலேயே வேலை கிடைத்ததாம். "இங்க பறிச்ச கொழுந்தத்தான் அங்கயும் பறிச்சாரு" என்று சொல்லிச் சற்று நேரம் பேசாதிருந்தார். 1984இல் கப்பல் நின்றது. அண்ணனும் தங்கையும் மறுபடி சந்திக்கவேயில்லை. கப்பலேறாமல் தங்கிப்போனோர்க்கும் நாடற்றிருந்தோர்க்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கிற்று. அதற்காக அவர்கள் காத்திருந்த காலம் ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

இப்பழங்கதையை வைத்து இன்றைய இளைஞரைத் தடுக்க வேண்டுமென்பது நம் எண்ணமன்று. அன்று போனவர் திரும்ப இயலாது. இன்று வேலை ஒப்பந்தத்தில் வளைகுடாவுக்கோ கொரியாவுக்கோ செல்பவர் பிரஜாவுரிமையை இழப்பதில்லை. மனம் ஒப்பாவிடில் ஊர் திரும்பலாம். நிரந்தரமாய்க் குடியேறுவோர் நிலை வேறு. பிறநாட்டுப் பிரஜாவுரிமை பெறும் போது, இரட்டைப் பிரஜாவுரிமைக்கு ஏற்பாடு செய்யாவிடில் இலங்கைப் பிரஜாவுரிமை போய்விடும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு பேசும் பெற்றோரும் பிள்ளைகளும் பலர் இருக்கிறார்கள். நாமும் இளமையில் ஒரு விண்ணப்பத்தை நிரப்பி, அஞ்சலிற் சேர்க்காமலே ஓராண்டு பெட்டியில் வைத்திருந்தவர்தாம்; ஆதலின் தயங்குவோரைக் குறைகூற நமக்கு வாய் வராது.

மூதாட்டியின் பேரனுக்கு இருபத்திரண்டு வயது. விடுதித் தொழில் படித்தவன். பேராதனைப் பக்கத்து விடுதியொன்றில் வாங்கும் சம்பளம் பஸ் கூலிக்கும் சாப்பாட்டுக்குமே சரி. தோஹாவில் வேலையென்று முகவர் ஒருவர் கடிதம் கொடுத்திருக்கிறார். அக்கடிதத்தை நாமும் வாங்கிப் பார்த்தோம். சம்பளம் இருந்தது, வேலை நேரமில்லை, முகவரின் அனுமதிப்பத்திர இலக்கமில்லை. முதலில் சுற்றுலா விசாவில் போய், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பது வாய்ப்பேச்சு. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் இவ்வாறு போவோர்க்குக் காப்புறுதியில்லை. சம்பளம் கிடைக்காதபோது முறையிடப் பிடிமானமுமில்லை. முகவர் கேட்ட பணத்துக்குத் தாயின் தாலிக்கொடி அடகுக்குப் போகத் தயாராயிருந்தது.

"அதுல என்னா எழுதியிருக்குன்னு நீயே வாசிச்சியா ராசா?" என்று கேட்டார் கிழவி.

"முகவர் சொன்னாரு அப்பாயி, எல்லாஞ் சரியாத்தான் இருக்காம்."

"கணக்கப்பிள்ளையும் அப்படித்தான் சொன்னாரு."

பையன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். திங்கட்கிழமை வேலைக்கு விடுப்பெடுத்து, முகவரின் அனுமதி இலக்கத்தைப் பணியகத்தில் விசாரித்து வரப் போவதாகச் சொன்னான். சரியாயிருந்தால் போவானாம், இல்லாவிட்டால் கொரிய மொழிப் பரீட்சைக்குப் படிப்பானாம். இங்கேயே இருப்பது பற்றி நாம் கேட்டோம். அவன் அப்பாயியின் முகத்தைப் பார்த்தான். அவரோ தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.